அளவீட்டு ஐயப்பாடும் முக்கிய இலக்கங்களும்

அளவீட்டு ஐயப்பாடு என்பது, ஓர் அளவீட்டின் முடிவாகத் தரப்படும் எண்ணைச் சுற்றி, அளக்கப்பட்ட பொருளின் மதிப்பு எந்த இடைவெளிக்குள் இருக்கக்கூடும் என்று நியாயமாகக் கருதலாம் என்பதைக் காட்டும் அளவாகும். முக்கிய இலக்கங்கள் என்பவை, ஓர் எண்ணில் அளவீட்டினால் உண்மையிலேயே அறியப்பட்ட இலக்கங்கள் ஆகும். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் இவற்றுக்கு முக்கிய எண்ணுருக்கள் என்ற சொல்லும் வழங்குகிறது. ஐயப்பாடு என்பதற்கு நிச்சயமின்மை, அறுதியின்மை ஆகிய சொற்களும் பயன்படுகின்றன.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று நெருங்கிய தொடர்புடையவை. ஓர் அளவீட்டு முடிவை எத்தனை இலக்கங்களுடன் எழுதலாம் என்பதை அதன் ஐயப்பாடே தீர்மானிக்கிறது. தேவைக்கு மேல் இலக்கங்களை எழுதினால், அளக்காத ஒன்றை அளந்ததாகக் கூறியது போலாகும். தேவைக்குக் குறைவாக எழுதினால், உழைத்துப் பெற்ற தகவல் வீணாகும்.

பிழையும் ஐயப்பாடும்

அன்றாட வழக்கில் பிழை, ஐயப்பாடு ஆகிய இரு சொற்களும் ஒரே பொருளில் ஆளப்பட்டாலும், அளவியலில் இவை வேறானவை. பிழை என்பது அளந்த மதிப்புக்கும் உண்மையான மதிப்புக்கும் உள்ள வேறுபாடு. உண்மையான மதிப்பு பெரும்பாலும் தெரியாது. எனவே பிழையின் அளவும் தெரியாது. ஐயப்பாடு என்பது அந்தப் பிழை எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதற்கான மதிப்பீடு. இதை அளப்பவர் கணக்கிட்டுத் தெரிவிக்க இயலும்.

பிழைகள் இரு வகைப்படும்.

• ஒழுங்கற்ற பிழை: ஒரே அளவீட்டைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மதிப்பு முன்னும் பின்னும் மாறுவது. அளவீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டிச் சராசரி எடுத்தால் இதன் தாக்கம் குறையும்.

• முறையான பிழை: எல்லா அளவீடுகளையும் ஒரே பக்கமாகத் தள்ளுவது. முனை தேய்ந்த அளவுகோல், சுழியில் நிற்காத தராசு ஆகியவை எடுத்துக்காட்டுகள். எத்தனை முறை அளந்து சராசரி எடுத்தாலும் இது குறையாது.

பன்னாட்டுத் தரப்படுத்தல் நிறுவனம் 1993 ஆம் ஆண்டு வெளியிட்ட ஐயப்பாட்டு வழிகாட்டி, ஐயப்பாட்டை மதிப்பிடும் வழிகளை இரண்டாகப் பிரிக்கிறது. பலமுறை அளந்து, அம்மதிப்புகளின் சிதறலிலிருந்து புள்ளியியல் முறையில் பெறுவது முதல் வகை. கருவியின் அளவுத்திருத்தச் சான்றிதழ், மீச்சிற்றளவு, முந்தைய அனுபவம் போன்ற பிற தகவல்களிலிருந்து பெறுவது இரண்டாம் வகை. எடுத்துக்காட்டாக, 0.01 கிராம் வரை காட்டும் ஓர் எண்முறைத் தராசு, தான் காட்டும் மதிப்பிலிருந்து 0.005 கிராம் வரை இரு பக்கமும் விலகியிருக்கலாம். அந்த இடைவெளிக்குள் எல்லா மதிப்புகளுக்கும் சமவாய்ப்பு உண்டு எனக் கொண்டால், திட்ட ஐயப்பாடு 0.005 ÷ √3, அதாவது ஏறத்தாழ 0.003 கிராம் ஆகும். இது இலக்கங்களின் வரம்பினால் மட்டும் வரும் பங்கு. தராசின் மற்றக் குறைகள் இதனுடன் சேரும்.

முக்கிய இலக்கங்களை எண்ணும் விதிகள்

1. சுழி அல்லாத எல்லா இலக்கங்களும் முக்கிய இலக்கங்களே. 342 என்பதில் மூன்று உள்ளன.
2. இரு முக்கிய இலக்கங்களுக்கு இடையில் வரும் சுழிகள் முக்கியமானவை. 2008 என்பதில் நான்கு உள்ளன.
3. எண்ணின் தொடக்கத்தில் வரும் சுழிகள் முக்கியமானவை அல்ல. அவை தசமப் புள்ளியின் இடத்தை மட்டுமே காட்டுகின்றன. 0.0045 என்பதில் இரண்டு மட்டுமே உள்ளன.
4. தசமப் புள்ளிக்குப் பின், எண்ணின் இறுதியில் வரும் சுழிகள் முக்கியமானவை. 2.50 என்பதில் மூன்று உள்ளன. 2.5 செ.மீ, 2.50 செ.மீ ஆகிய இரண்டும் கணிதத்தில் சமம். அளவீட்டில் சமம் அல்ல. இரண்டாவது, நூறில் ஒரு பங்கு செ.மீ வரை பார்த்ததாகக் கூறுகிறது.
5. தசமப் புள்ளி இல்லாத முழு எண்ணின் இறுதிச் சுழிகள் தெளிவற்றவை. 1500 மீ என்பது இரண்டு, மூன்று அல்லது நான்கு முக்கிய இலக்கங்களைக் கொண்டிருக்கலாம். 1.50 × 10³ மீ என்று அறிவியல் குறியீட்டில் எழுதினால் இக்குழப்பம் நீங்கும்.

எண்ணிப் பெற்ற எண்களுக்கும் வரையறையால் நிலைநிறுத்தப்பட்ட எண்களுக்கும் இவ்விதிகள் பொருந்தா. ஒரு வகுப்பில் 40 மாணவர்கள் இருந்தால் அது துல்லியமாக 40. ஓர் அங்குலம் 2.54 செ.மீ என்பது வரையறை. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு 2,99,792,458 மீ என்பது 1983 முதல் வரையறை. இவற்றுக்கு ஐயப்பாடு சுழியாகும்.

இறுதிச் சுழிகளின் குழப்பத்துக்கு எவரெசுட்டுச் சிகரத்தின் உயரம் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். இந்தியப் பெரும் முக்கோணவியல் நில அளவையினர் 1856 ஆம் ஆண்டு இதன் உயரத்தை 29,002 அடி என அறிவித்தனர். பல இடங்களிலிருந்து எடுத்த அளவீடுகளின் சராசரி சரியாக 29,000 அடி என வந்ததாகவும், அப்படியே வெளியிட்டால் அது வெறும் தோராய மதிப்பு என மக்கள் எண்ணிவிடுவர் என்பதால் இரண்டு அடி சேர்க்கப்பட்டதாகவும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. ஐயப்பாட்டையும் சேர்த்து வெளியிடும் வழக்கம் இருந்தால் இத்தகைய தேவையே எழாது. சீனா 2005 ஆம் ஆண்டு வெளியிட்ட அளவீடு 8844.43 ± 0.21 மீ என்று இருந்தது. இது பனிக்கு அடியில் உள்ள பாறையின் உயரம். நேபாளமும் சீனாவும் 2020 ஆம் ஆண்டு அறிவித்த 8848.86 மீ பனியையும் சேர்த்த உயரம். எதை அளந்தோம் என்பதைச் சொல்லாமல் இலக்கங்களை மட்டும் ஒப்பிடுவது பயன் தராது என்பதையும் இது காட்டுகிறது.

முடிவை எழுதும் முறை

பொதுவாகப் பின்பற்றப்படும் விதிகள் பின்வருமாறு:

1. முதலில் ஐயப்பாட்டை ஒன்று அல்லது இரண்டு முக்கிய இலக்கங்களுக்கு முழுமைப்படுத்த வேண்டும்.
2. பின்னர் அளந்த மதிப்பை, ஐயப்பாட்டின் கடைசி இலக்கம் எந்தத் தசம இடத்தில் உள்ளதோ அதே இடத்துக்கு முழுமைப்படுத்த வேண்டும்.
3. இரண்டையும் ஒரே அலகிலும், ஒரே பத்தின் அடுக்கிலும் எழுத வேண்டும்.

இவ்விதிகளின்படி 12.3468 ± 0.0523 செ.மீ என்பதை 12.35 ± 0.05 செ.மீ அல்லது 12.347 ± 0.052 செ.மீ என எழுதலாம். 12.3468 ± 0.05 செ.மீ என்பதும் 12.3 ± 0.052 செ.மீ என்பதும் தவறானவை.

ஐயப்பாட்டுக்கு ஏன் ஓரிரு இலக்கங்கள் போதும் என்னும் வினா எழலாம். ஐயப்பாடும் ஒரு மதிப்பீடே. அதற்கும் ஐயப்பாடு உண்டு. இயல்நிலைப் பரவலுக்கு உட்பட்ட அளவீடுகளிலிருந்து கணிக்கப்படும் திட்ட விலக்கம், 5 அளவீடுகள் எடுத்தால் ஏறத்தாழ 36 விழுக்காடும், 10 எடுத்தால் 24 விழுக்காடும், 50 எடுத்தால்கூட 10 விழுக்காடும் நிச்சயமற்றதாகவே இருக்கும். அத்தகைய எண்ணுக்கு மூன்றாம் இலக்கம், நான்காம் இலக்கம் என்று எழுதுவதில் பொருளில்லை.

ஒன்றா, இரண்டா என்பது முதல் இலக்கத்தைப் பொறுத்தது. 0.14 என்னும் ஐயப்பாட்டை 0.1 எனச் சுருக்கினால் அதன் மதிப்பு ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்துவிடும். 0.87 என்பதை 0.9 என எழுதினால் மாற்றம் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே. எனவே முதல் இலக்கம் 1 அல்லது 2 ஆக இருக்கும்போது இரண்டு இலக்கங்களை வைத்திருப்பது நல்லது. துகள் இயற்பியலில் இதற்குத் திட்டமான விதி உள்ளது. ஐயப்பாட்டின் முதல் மூன்று இலக்கங்கள் 100 முதல் 354 வரை இருந்தால் இரண்டு இலக்கங்களும், 355 முதல் 949 வரை இருந்தால் ஓர் இலக்கமும் வைக்கப்படும். 950 முதல் 999 வரை இருந்தால் 1000 என உயர்த்தி இரண்டு இலக்கங்கள் வைக்கப்படும்.

அடைப்புக்குறி முறை

இலக்கங்கள் மிகும்போது ஐயப்பாட்டை அடைப்புக்குறிக்குள் சுருக்கி எழுதும் முறை உண்டு. அடைப்புக்குறிக்குள் உள்ள இலக்கங்கள், அவற்றுக்கு முன்னுள்ள கடைசி இலக்கங்களின் ஐயப்பாட்டைக் குறிக்கும். ஈர்ப்பு மாறிலிக்கு 2018 ஆம் ஆண்டுப் பட்டியலில் பரிந்துரைக்கப்பட்ட மதிப்பு 6.67430(15) × 10⁻¹¹ மீ³ கி.கி⁻¹ நொடி⁻² ஆகும். இதனை (6.67430 ± 0.00015) × 10⁻¹¹ என விரித்துப் படிக்க வேண்டும்.

± குறியின் பொருள்

± குறிக்குப் பின் வரும் எண் எதைக் குறிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அது ஒரு திட்ட ஐயப்பாடாக இருந்தால், இயல்நிலைப் பரவலில் அந்த இடைவெளிக்குள் மதிப்பு அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 68 விழுக்காடு. அதை இரண்டால் பெருக்கிப் பெறும் விரிவாக்கிய ஐயப்பாடாக இருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ 95 விழுக்காடு. அளவுத்திருத்தச் சான்றிதழ்களில் பெரும்பாலும் இரண்டாவதே தரப்படுகிறது. இதைக் கவனியாது கணக்கிடுபவர் இரு மடங்கு தவறுவார்.

கணக்கீடுகளில் இலக்கங்கள்

அளந்த எண்களைக் கொண்டு கணக்கிடும்போது விரைவாகப் பயன்படும் விதிகள் இரண்டு உள்ளன.

• கூட்டல், கழித்தல்: விடையை, எல்லாவற்றிலும் குறைந்த தசம இடங்களைக் கொண்ட எண்ணின் இடத்துக்கு முழுமைப்படுத்த வேண்டும். 12.3 + 0.456 = 12.756 என்பது 12.8 ஆகும்.
• பெருக்கல், வகுத்தல்: விடையில், எல்லாவற்றிலும் குறைந்த முக்கிய இலக்கங்களைக் கொண்ட எண்ணுக்கு உள்ள அளவு இலக்கங்களே இருக்க வேண்டும். 4.52 × 2.1 = 9.492 என்பது 9.5 ஆகும்.

இவை தோராயமான விதிகளே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1.1, 9.9 ஆகிய இரண்டும் இரண்டு முக்கிய இலக்கங்களைக் கொண்டவை. கடைசி இலக்கத்தில் பாதி அளவு ஐயம் எனக் கொண்டால், முதல் எண்ணில் அது ஏறத்தாழ 4.5 விழுக்காடு, இரண்டாவதில் 0.5 விழுக்காடு. ஒன்பது மடங்கு வேறுபாட்டை இலக்கங்களின் எண்ணிக்கை மறைத்துவிடுகிறது. எனவே முக்கியமான முடிவுகளுக்கு ஐயப்பாட்டைத் தனியே கணக்கிட்டுத் தருவதே முறையாகும்.

ஏறத்தாழச் சமமான இரு எண்களைக் கழிக்கும்போது முக்கிய இலக்கங்கள் பெருமளவில் இழக்கப்படுகின்றன. 50.02 − 49.87 = 0.15. நான்கு இலக்கங்கள் கொண்ட இரு அளவீடுகளிலிருந்து இரண்டு இலக்கங்கள் மட்டுமே எஞ்சுகின்றன. ஒரு கலத்தை நிரம்பிய நிலையிலும் வெற்று நிலையிலும் நிறுத்து, உள்ளிருந்த சிறிதளவு பொருளின் எடையைக் காணும்போது இந்த இடர் எழும்.

கணக்கீட்டின் இடையில் முழுமைப்படுத்தக் கூடாது. இடைநிலை மதிப்புகளில் ஓரிரு இலக்கங்களைக் கூடுதலாக வைத்துக்கொண்டு இறுதியில் மட்டும் முழுமைப்படுத்த வேண்டும். கணிப்பான்களும் கணினிகளும் தரும் இலக்கங்கள் கருவியின் நினைவக அமைப்பைப் பொறுத்தவையே. அளவீட்டின் தரத்தைப் பற்றி அவை எதுவும் கூறுவதில்லை. இரட்டைத் துல்லிய மிதவை எண் ஒன்று ஏறத்தாழ 15 முதல் 17 தசம இலக்கங்களைத் தாங்கும். இரண்டு இலக்கங்களுக்கு மட்டும் அளந்த எண்ணை உள்ளிட்டாலும் அது தயங்காமல் பதினைந்து இலக்கங்களைக் காட்டும்.

எடுத்துக்காட்டு: தனி ஊசல்

பள்ளி ஆய்வகத்தில் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையை எடுத்துக்கொள்வோம். பயன்படும் வாய்பாடு:

ஈர்ப்பு முடுக்கம் = 4 × பை² × நீளம் ÷ (அலைவு நேரம்)²

ஊசலின் நீளம் 0.900 ± 0.002 மீ. 20 அலைவுகளுக்கு ஆன நேரம் ஐந்து முறை அளக்கப்படுகிறது: 38.05, 38.21, 38.14, 38.02, 38.18 நொடிகள்.

• சராசரி: 38.12 நொடி.
• திட்ட விலக்கம்: 0.082 நொடி.
• சராசரியின் திட்ட ஐயப்பாடு: 0.082 ÷ √5 = 0.037 நொடி.
• ஓர் அலைவின் நேரம்: 1.9060 நொடி, ஐயப்பாடு 0.0018 நொடி.

நேரத்தின் ஒப்பீட்டு ஐயப்பாடு 0.097 விழுக்காடு. வாய்பாட்டில் நேரம் இருபடியாக வருவதால் இது இரு மடங்காகி 0.19 விழுக்காடு ஆகிறது. நீளத்தின் ஒப்பீட்டு ஐயப்பாடு 0.22 விழுக்காடு. இவ்விரண்டும் ஒன்றையொன்று சாராதவை. எனவே இவற்றை நேரடியாகக் கூட்டாமல், இருபடிகளைக் கூட்டி இருபடி மூலம் காண வேண்டும். விடை ஏறத்தாழ 0.29 விழுக்காடு.

கணிப்பான் ஈர்ப்பு முடுக்கத்தை 9.7803963 எனக் காட்டும். அதன் 0.29 விழுக்காடு 0.029. ஆகவே முடிவு 9.780 ± 0.029 மீ/நொடி², அல்லது சுருக்கமாக 9.78 ± 0.03 மீ/நொடி² ஆகும்.

இங்கு ஐயப்பாட்டின் பயன் தெளிவாகத் தெரிகிறது. கடல்மட்டத்தில் ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 9.780 மீ/நொடி², துருவங்களில் 9.832 மீ/நொடி². கணிப்பான் காட்டிய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும் மாணவர், நிலநடுக்கோட்டு மதிப்பையே மூன்று தசம இடங்களுக்குக் கண்டுவிட்டதாக மகிழக்கூடும். ஆனால் 0.029 என்னும் ஐயப்பாடு, வழக்கமான 9.80665 என்ற நியம மதிப்பையும் இந்தச் சோதனையால் விலக்க முடியாது எனக் கூறுகிறது. நீளத்தின் பங்கே பெரிது என்பதும் இக்கணக்கிலிருந்து தெரிகிறது. சோதனையை மேம்படுத்த விரும்புபவர் நிறுத்து கடிகாரத்தை மாற்றுவதைவிட, நீளத்தை நன்கு அளக்க முற்படுவது மேல்.

பொய்யான துல்லியம்

அளவீடு ஆதரிக்காத இலக்கங்களை எழுதுவது பொய்யான துல்லியம் எனப்படும். அலகு மாற்றத்தின்போது இது அறியாமலே நுழைந்துவிடுகிறது. செருமானிய மருத்துவர் கார்ல் உவுண்டர்லிக் 1868 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், நலமுள்ள மனிதரின் உடல் வெப்பநிலையின் சராசரி 37 பாகை செல்சியசு எனக் குறித்தார். இதனைப் பாரன்கீட்டுக்கு மாற்றினால் 98.6 கிடைக்கும். 37 என்பது அருகிலுள்ள முழுப் பாகைக்கு முழுமைப்படுத்திய எண் எனக் கொண்டால், அது 36.5 முதல் 37.5 வரை, அதாவது 97.7 முதல் 99.5 பாரன்கீட்டு வரையிலான இடைவெளியைக் குறிக்கும். 98.6 என்று எழுதியவுடன் பத்தில் ஒரு பாகை வரை தெரிந்தது போன்ற தோற்றம் உண்டாகிவிட்டது. 148 பேரிடம் செய்யப்பட்டு 1992 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் சராசரி 36.8 பாகை செல்சியசு (98.2 பாரன்கீட்டு) என வந்தது. 98.6 ஐச் சற்றே தாண்டியதைக் காய்ச்சல் என அஞ்சுவதற்கு அந்தத் தசம இலக்கம் எந்த ஆதாரமும் தருவதில்லை.

இடங்காட்டும் செயலிகளிலும் இதைக் காணலாம். அகலாங்கில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கி.மீ. ஆகவே ஐந்தாம் தசம இடம் ஏறத்தாழ 1 மீட்டரையும், ஏழாம் தசம இடம் ஏறத்தாழ 1 செ.மீட்டரையும் குறிக்கும். சில மீட்டர் ஐயப்பாடு கொண்ட கைப்பேசி ஏழு தசம இடங்களைக் காட்டினால் கடைசி இலக்கங்கள் வெறும் அலங்காரமே.

ஐயப்பாடு வெளியிடப்படுவதன் தேவை

ஓர் அளவீட்டை மற்றொன்றுடன் ஒப்பிடுவதற்கு ஐயப்பாடு இன்றியமையாதது. இரு முடிவுகளுக்கு இடையிலான வேறுபாட்டை, அவற்றின் ஐயப்பாடுகளின் இருபடிகளைக் கூட்டிப் பெற்ற இருபடி மூலத்துடன் ஒப்பிட வேண்டும். அண்டம் விரிவடையும் வீதத்தைக் காட்டும் அபிள் மாறிலி, பிளாங்க் விண்கலத்தின் தரவுகளின்படி 67.4 ± 0.5. விண்மீன் வெடிப்புகளையும் சீஃபீடு விண்மீன்களையும் கொண்டு 2022 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட மதிப்பு 73.04 ± 1.04 (அலகு: கி.மீ/நொடி/மெகாபார்செக்). வேறுபாடு 5.64, கூட்டு ஐயப்பாடு 1.15. வேறுபாடு ஐயப்பாட்டைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு இருப்பதாலேயே இது அண்டவியலில் பெரும் சிக்கலாகக் கருதப்படுகிறது. ஒவ்வோர் அளவீட்டின் ஐயப்பாடும் ± 5 ஆக இருந்திருந்தால், இதே எண்கள் ஒன்றுக்கொன்று இணக்கமானவை எனக் கொள்ளப்பட்டிருக்கும்.

ஐயப்பாடு, அளப்பவர் அறிந்த குறைகளை மட்டுமே உள்ளடக்கும் என்பதையும் மறக்கலாகாது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகன், எண்ணெய்த் துளிச் சோதனையின் மூலம் 1913 ஆம் ஆண்டு மின்னணுவின் மின்னூட்டத்தை (4.774 ± 0.009) × 10⁻¹⁰ நிலைமின் அலகு என வெளியிட்டார். இன்று ஏற்கப்பட்டுள்ள மதிப்பு 4.803 × 10⁻¹⁰. வேறுபாடு அவர் தந்த ஐயப்பாட்டைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். காற்றின் பாகுநிலைக்கு அவர் பயன்படுத்திய மதிப்பு சற்றுக் குறைவாக இருந்ததே இதற்கு முதன்மைக் காரணம். துளிகளை இன்னும் எத்தனை முறை அளந்திருந்தாலும் அக்குறை வெளிப்பட்டிராது.

2011 ஆம் ஆண்டு, சேர்ன் ஆய்வகத்திலிருந்து ஏறத்தாழ 730 கி.மீ தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாசோவுக்கு அனுப்பப்பட்ட நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60.7 நானோநொடி முன்னதாக வந்ததாக ஓபரா சோதனைக் குழு அறிவித்தது. புள்ளியியல் ஐயப்பாடு ± 6.9 எனவும், முறைசார் ஐயப்பாடு ± 7.4 எனவும் தனித்தனியே தரப்பட்டன. 2012 ஆம் ஆண்டு, சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை வடம் உள்ளிட்ட குறைகள் கண்டறியப்பட்டன. திருத்திய முடிவு 6.5 நானோநொடி, புள்ளியியல் ஐயப்பாடு மட்டுமே ± 7.4. அதாவது ஒளியின் வேகத்திலிருந்து வேறுபாடு எதுவும் காணப்படவில்லை.

இவ்விரு நிகழ்வுகளிலும் தரப்பட்ட ஐயப்பாடு உண்மையை முழுதும் அடக்கவில்லை. ஆயினும் அது வெளியிடப்பட்டிருந்ததாலேயே, பின்வந்தோர் தம் முடிவுகளை அதனுடன் ஒப்பிட்டு, இங்கே ஏதோ விடுபட்டுள்ளது எனத் திட்டவட்டமாகக் கூற முடிந்தது. ஐயப்பாடு இல்லாத எண்ணைச் சரி என்றும் நிறுவ இயலாது, தவறு என்றும் நிறுவ இயலாது.